பூ கட்டத் தெரிந்தவளுக்கு வகுப்பு எதற்கு?

கேள்வி: 5 ஜனவரி 2025, வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி

வயது 19. ஆயா காலத்திலிருந்து வீட்டில் பூ கட்டும் தொழில். நானும் பத்து வயதிலிருந்து கட்டுகிறேன். இளம் பூ அலங்காரக் கலைஞர்களுக்கான போட்டி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். போட்டிக்கு முன்பு 4 நாள் பயிற்சிப் பட்டறை இருக்கிறதாம். கட்டணம் 6,000 ரூபாய். அம்மா, "பூ கட்டத் தெரிந்தவளுக்கு வகுப்பு எதற்கு?" என்று கேட்கிறார். போகலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

5 ஜனவரி, இரவு 10.40

வேண்டாம். அம்மா சொல்வதுதான் சரி.

நான் தண்டையார்பேட்டையில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. 2012இல் இப்படி ஒரு பட்டறைக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினேன். முதல் நாள் முழுக்க நிறச் சக்கரம். சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, எதிரில் பச்சை. கதம்பம் கட்டுகிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு நாளா? கனகாம்பரத்துக்கு நடுவே மரிக்கொழுந்து எத்தனை விரல் தள்ளி வந்தால் எடுப்பாக இருக்கும் என்பது என் பெரியம்மாவுக்குச் சக்கரம் இல்லாமலே தெரியும். அந்தப் பணத்தில் நல்ல கத்தரி ஒன்றும், பூ வைக்க உயரமான வாளி நான்கும் வாங்குங்கள்.

5 ஜனவரி, இரவு 11.05

ஒன்றைக் கேட்க மறந்தேன். எந்தப் போட்டி? கல்யாண மண்டபத்தில் கோப்பை கொடுத்துப் படம் எடுத்து அனுப்பும் போட்டியா, அரசு நடத்தும் திறன் போட்டியா? இரண்டும் வேறு வேறு. இந்தியா ஸ்கில்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் பூ அலங்காரமும் ஒரு பிரிவு. மாநில அளவில் தேறி, தேசிய அளவிலும் ஜெயித்தால் வேர்ல்டு ஸ்கில்ஸ் என்ற உலகப் போட்டி வரை போகலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அது. 2024 செப்டம்பரில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் நடந்தது, அடுத்தது 2026இல் ஷாங்காயில். 25 வயது வரை போகலாம் என்று நினைவு. அவசரமே இல்லை.

6 ஜனவரி, காலை 7.15

தவறாகச் சொல்லிவிட்டேன். 25 என்பது மெக்கட்ரானிக்ஸ், விமானப் பராமரிப்பு போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும். பூ அலங்காரத்துக்கு, போட்டி நடக்கும் ஆண்டில் 22ஐத் தாண்டக்கூடாது. ஆகவே உங்களுக்கு ஷாங்காய் ஒன்றுதான் வாய்ப்பு. அவசரம் இல்லை என்றதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் ஆத்திரத்துக்கும் இதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. 2012இல் எனக்கும் 22.

6 ஜனவரி, பிற்பகல்

2012இல் என்ன நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன், சிரிக்கக்கூடாது.

பட்டறை முடிந்த கையோடு ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு மேஜை, இரண்டு வாளித் தண்ணீர், பூக்கட்டுகள், மூன்று மணி நேரம். மணப்பெண்ணுக்கான கைச்செண்டு ஒன்றும் மேஜை அலங்காரம் ஒன்றும் செய்யவேண்டும். நான் பார்த்தேன்: எல்லாரும் செண்டு கட்டுகிறார்கள், நாம் ஏதாவது புதிதாகச் செய்வோம். கார்னேஷன் இதழ்களைப் பிரித்து, சம்பங்கி மொட்டை நடுவில் வைத்து, செண்டுக்குக் கீழே தொங்கும்படி ஒரு சின்ன ஆரம் கட்டினேன். கை பறந்தது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து மேஜைப் பையன் தன் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எட்டாவது இடம். பத்துப் பேரில்.

மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிறத்துக்கு நல்ல மதிப்பெண். 'வேலை செய்யும் இடத்தின் சுத்தம்' என்ற வரிசையில் பூஜ்யம். என் மேஜையில் இதழ், தண்டு, இலை எல்லாம் குவிந்து கிடந்தன. நம் வீடுகளில் பாயில் உட்கார்ந்து கட்டுவோம், முடிந்த பிறகு பெருக்குவோம். அங்கே வெட்டிய தண்டு அந்தக் கணமே கூடைக்குப் போகவேண்டும். இன்னொரு குறிப்பு: 'நாரை வாயில் கவ்வினார்.' கவ்வினேன்தான். இரண்டு கையிலும் பூ இருந்தால் நாரை வேறெங்கே வைப்பது? கால் கட்டைவிரலில் மாட்டாமல் விட்டதற்கே என்னைப் பாராட்டியிருக்கவேண்டும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நாரோடு சேர்ந்த நான் நாறிப்போனேன்.

மூன்றாவது குறை அப்போது புரியவில்லை: 'தண்டுகள் சுருளில் இல்லை.' அதைப் பிறகு சொல்கிறேன், வண்டி வந்துவிட்டது.

9 ஜனவரி

சுருள் கதை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் 5ஆம் தேதி நான் எழுதியது பாதி தப்பு என்று புரிந்தது.

பூ கட்டுகிறவர்கள் கையைக் கவனியுங்கள். மல்லியை இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைப்போம். காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழும், நார் சுற்றும், சுருக்கு விழும், அடுத்த கண்ணி. எதிர் எதிர், எதிர் எதிர். இருபது வருடம் கட்டிய கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

கைச்செண்டில் கதையே வேறு. ஒவ்வொரு தண்டையும் ஒரே சாய்வில், ஒரே திசையில் அடுக்கிக்கொண்டே போகவேண்டும். கட்டும் இடம் ஒன்றே ஒன்று. சரியாக வந்தால் தண்டுகள் கீழே விரிந்து, பாவாடை சுற்றினதுபோல் நிற்கும். அடியைச் சமமாக வெட்டி மேஜையில் வைத்தால் கைவிட்டாலும் விழாது. ஒரே ஒரு தண்டு எதிர்ப்பக்கம் போனாலும் மற்றத் தண்டுகளை நசுக்கும், செண்டு ஒரு பக்கம் சாயும்.

என் கை ஐந்தாவது தண்டிலேயே எதிர்ப்பக்கம் போய்விடும். பழக்கம். பூ கட்டவே தெரியாத, வங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்தப் பட்டறையில் முதல் முயற்சியிலேயே நிற்க வைத்தார். எனக்கு நான்கு மாதம் ஆனது. தெரிந்ததை மறப்பதற்குத்தான் அந்த நான்கு மாதமும்.

ஆகவே, தங்கச்சி, அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பூ கட்டத் தெரிந்தவளுக்குத்தான் வகுப்பு வேண்டும். 6,000 ரூபாய் வகுப்பா என்பது வேறு கேள்வி.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

ராஃபியா பற்றி ஒரு வரி. ஐரோப்பியர்கள் செண்டு கட்டப் பயன்படுத்துவது ராஃபியா என்ற பனை வகையின் ஓலை நார். பட்டறையில் கொடுத்த பெட்டியில் ஒரு சுருள் இருந்தது, ஏதோ தங்கச் சரிகை மாதிரி எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். நனைத்துக் கட்டவேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கம் வேறு. நம் வாழைநார் செய்யாத எதையும் அது செய்யவில்லை.

12 ஜனவரி, அதிகாலை

கோயம்பேட்டில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பொங்கலுக்கு இரண்டு நாள். பனியில் மல்லி வரத்துக் குறையும் மாதம் இது. விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சாமந்திப் பக்கம் போய்விட்டேன்.

போட்டி, பட்டறை என்று பேசுகிறவர்கள் ஒருநாள் மூன்று மணிக்கு இங்கே வரவேண்டும். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ இருக்கிறது, ஆனால் பூ வாங்கும் நேரத்தில் அது தூங்குகிறது. எங்கள் ஆயாவுக்கு இந்தப் பாடு இல்லை. பாரிமுனைப் பத்ரியன் தெருவுக்கு நடந்தே போய் வாங்கி வருவார். 1996இல் கோயம்பேடு சந்தை வந்த பிறகும் சாகும்வரை இங்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். பூக்கடை என்று ஒரு போலீஸ் நிலையத்துக்கே பெயர் இருக்கும்போது பூ வாங்க ஊருக்கு வெளியே எதற்குப் போவது என்பது அவர் கட்சி.

17 ஜனவரி

செடிப் பக்கம் பேசவே இல்லையே என்று மாதவரத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். நியாயம். என் அக்கா மகன் தோட்டக்கலைப் பட்டயம் படிக்கிறான், அவனைப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர்களுக்கு நடக்கும் போட்டிகளில் பயங்கரமானது செடி அடையாளம் காண்பது. வரிசையாகக் கிளைகளை வைத்திருப்பார்கள், எண் மட்டும் இருக்கும். பெயர் எழுதவேண்டும், தாவரவியல் பெயரோடு. பயல் வீட்டில் கொல்லைச் செடிகளோடு வளர்ந்தவன், அலட்சியமாகப் போனான். செம்பருத்தியைச் செம்பருத்தி என்று எழுதினான். ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று எழுதாததால் பாதி மதிப்பெண். நந்தியாவட்டையை எழுத ஆரம்பித்து 'டாபர்னே' வரை வந்து நின்றுவிட்டான். மிச்சம் 'மோண்டானா டைவரிகேட்டா'. மல்லிகைக் குடும்பத்தில் மொத்தமாக விழுந்தான். குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பாக், முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். ஜாதிமல்லி வேறு, பிச்சி வேறு என்று நினைத்து ஒரே செடிக்கு வேறு பெயரை எழுதி வைத்தான். அவன் சொன்னதில் தப்பில்லை என்றே எனக்கும் படுகிறது, இரண்டும் வேறுதானே?

18 ஜனவரி

தோவாளைக்காரர் ஒருவர் திட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானாம். சென்னையில் ஜாதிமல்லி என்பதைத்தான் தெற்கே பிச்சி என்கிறார்கள், தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். அக்கா மகனிடம் கேட்டேன், "அதைத்தான் மாமா அந்த நடுவரும் சொன்னார்" என்றான். நாற்பது கண்ணியில் ஒரு கண்ணி தவறிக் கட்டினால் கண்டுபிடிக்கும் எனக்கு, தினமும் கையில் எடுக்கும் பூவுக்கு அடுத்த ஊரில் என்ன பெயர் என்று தெரியவில்லை. லத்தீன் பெயர் பந்தா இல்லை, ஊருக்கு ஊர் சண்டை வராமல் இருக்கத்தான் என்று 35 வயதில் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் இதிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்: மாலையில் வரும் சம்பங்கியும் மரத்தில் பூக்கும் சண்பகமும் உறவே இல்லை. சண்பகம் நம் பக்கத்து மரம். சம்பங்கியின் பூர்வீகம் மெக்சிகோ. சாமிக்குப் போடும் செண்டுமல்லியும் அங்கிருந்து வந்ததுதான். நம் கோயில் மாலையில் பாதி அயலூர்க்காரர்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

19 ஜனவரி

தோட்ட அமைப்புப் போட்டி பற்றிக் கேட்டவருக்கு: வேர்ல்டு ஸ்கில்ஸில் அது இருவர் சேர்ந்து செய்யும் போட்டி. கல் பதிக்கவேண்டும், மரவேலை செய்யவேண்டும், செடி நடவேண்டும். வடிவமைப்பாளர் வரைபடத்தைக் கொடுத்துவிடுவார், அதன்படி கட்டவேண்டும், அளவு பிசகினால் மதிப்பெண் போய்விடும். செடி வளர்ப்பதில் கெட்டிக்காரர்கள் இதில் மண்ணைக் கவ்வுவார்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளையைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை.

26 ஜனவரி

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதை இங்கே சொல்லவில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். இன்று நடந்த அவமானத்தைச் சொல்ல அதைச் சொல்லியாகவேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவே கார்னேஷன் நான்கு கட்டு வாங்கி வந்தேன், கட்டுக்கு 20 பூ. தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் இருக்கும் இலைகளை உருவி, வாளியில் போட்டு, கீழ்வீட்டு அறையில் நிழலாக வைத்தேன். எல்லாம் புத்தகப்படி. இன்று காலை பார்த்தால் எண்பதும் தூங்கிவிட்டன. வாடவில்லை, தூங்கின. இதழ்கள் உள்ளே சுருண்டு, ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன் முகம் மாதிரி.

கீழ்வீட்டு அண்ணன் வாழைப்பழ வியாபாரி. அந்த அறையில் பழுக்கப் போட்ட தார் பதினைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வரும். காயைப் பழுக்கவைப்பது அதுதான், பூவைக் கிழடாக்குவதும் அதுதான். கார்னேஷனுக்கு அது துளி பட்டாலே போதும். நான் இதை வகுப்பில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகள் வந்தார்கள், வாளியைப் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள், தாரைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள்.

2 பிப்ரவரி

இன்று கணக்கு வகுப்பு. தொழிலில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது இது ஒன்றுதான். ஆளுக்கு 500 ரூபாய்க்குப் பூ கொடுத்தேன். விற்கிற மாதிரி ஏதாவது செய்து, விலை எழுதி ஒட்டு என்றேன். எட்டுப் பேரில் ஆறு பேர் எழுதிய விலைக்கு விற்றால் கைக்காசு போகும்.

எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்தேன். ரோஜாக் கட்டில் 20 இருக்கும், அதில் கழுத்து ஒடிந்ததும் வெளி இதழ் கறுத்ததுமாக என் அனுபவத்தில் இரண்டு மூன்று கழியும். இருபதால் வகுக்கிறார்கள், பதினேழால் வகுக்கவேண்டும். ஜெர்பரா கட்டுக்குப் பத்து. தண்டு உள்ளே கூடு, தலை கனம், கம்பி கொடுக்காவிட்டால் தொங்கிவிடும். அந்தக் கம்பியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. தங்கள் நேரத்தை ஒருவர்கூடச் சேர்க்கவில்லை. "நம் கைதானே சார்" என்றான் ஒருவன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைப் பலகையில் எழுதினேன். முழக்கணக்கில் விற்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கே அளப்பதைச் சொல்லித்தரவேண்டியிருக்கிறது. அம்மாவின் கை நீளமா குட்டையா என்பதைப் பொறுத்து முழம் மாறுகிற வீடுகள் அவை, அதையும் மறந்துவிடக்கூடாது.

2 பிப்ரவரி, இரவு

பூவைக் குத்தி வைக்கும் பச்சை ஃபோம் கட்டி பற்றிக் கேட்டவருக்கு. தண்ணீரில் அழுத்தாதீர்கள். மேலே மிதக்க விடுங்கள், தானே குடித்துத் தானே மூழ்கும். அழுத்தினால் நடுவில் காற்று சிக்கி வறண்ட இடம் நிற்கும், அங்கே குத்தின பூ மாலைக்குள் செத்துவிடும். ஒருமுறை உருவிய ஓட்டையில் மறுபடி குத்தவும் கூடாது.

ஆனால் பழகாமலே விட்டால் இன்னும் நல்லது. அது ஒரு வகை பிளாஸ்டிக், உதிர்ந்து தூளாகி வடிகாலில் போய்ச் சேரும். பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி தன் மலர்க் காட்சிகளில் அதற்குத் தடை விதித்துவிட்டது. எங்கள் அப்பா மண்டபத்தில் வாழைத்தண்டை நறுக்கி வைத்து அதில்தான் பூவைக் குத்துவார். ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது, மறுநாள் மாட்டுக்குப் போடலாம். நான்தான் 2012இல் சான்றிதழ் வாங்கி வந்து, அது நாகரிகம் இல்லை என்று நிறுத்தினேன்.

3 பிப்ரவரி

திசை மாறுகிறது, பரவாயில்லை. இந்த வேலைக்கு வடசென்னையில் முன்னோடி யார் என்று கேட்டால் சங்கிலி நாச்சியார் என்பேன். ஞாயிறு கிராமத்துப் பெண், திருவொற்றியூர்க் கோயிலில் சாமிக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர். அங்கேதான் சுந்தரர் பார்த்தார், மகிழ மரத்தடியில் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தார், சத்தியத்தை மீறினார், கண் போனது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. போட்டி மண்டபத்திலும் ஆளுக்கு ஒரு திரை கட்டிவிட்டால் நல்லது. பக்கத்து மேஜைப் பையன் வேலையைக் கவனிப்பான்.

16 பிப்ரவரி

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். பட்டறைக்குப் போயிருக்கிறார்! அம்மா பாதி, சீட்டுப் பணம் பாதி. இதை என்னிடம் சொல்லாமலே செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. என் முதல் பதிலைப் படித்துவிட்டு நின்றிருந்தால் அந்தப் பாவம் எனக்கு.

அவர் சொன்னதில் சிலவற்றை மட்டும் இங்கே எழுத அனுமதி கேட்டு எழுதுகிறேன். நான்கு நாளில் ஒரு நாள் பயன் இல்லை (நிறச் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது). சுருள் செண்டு அவருக்கும் வரவில்லை, கை எதிர்ப்பக்கமே போனது. இரண்டாம் நாள் இடக்கைக்குப் பதில் வலக்கையில் பிடித்து, இடக்கையால் தண்டு சேர்த்திருக்கிறார். பழகாத கை என்பதால் பழக்கம் குறுக்கே வரவில்லை, நின்றுவிட்டது! எனக்கு நான்கு மாதம் பிடித்ததற்கு இவருக்கு ஒரு மதியம். மாடிப் பிள்ளைகளிடம் இன்றே செய்து பார்த்தேன். எட்டில் ஐந்து பேருக்கு நின்றது.

நேற்றுப் போட்டி. நான்காவது இடம். இதிலும் அவருக்கு ஒரு குறை இருக்கிறது, அதில் எனக்கும் உடன்பாடு: முடித்த ஒரு மணி நேரத்தில் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். முதல் பரிசு வாங்கிய அலங்காரத்தில் ஆர்க்கிட் தண்டு தண்ணீரைத் தொடவே இல்லை, சும்மா சொருகி வைத்திருந்தார்களாம். நம் ஊரில் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். ஆறு மணிக்கு வைத்தது விடிந்தும் நிற்கவேண்டும். ஈரத்துணி எங்கே போடுவது, எதை வாழையிலையில் மடித்து வைப்பது, எந்த மொட்டை எத்தனை மணிக்குப் பறித்தது வாங்கினால் முகூர்த்தத்தில் விரியும் என்பதெல்லாம் வியாசர்பாடி வீடுகளில் இருக்கிற அறிவு. அதற்கு மதிப்பெண் தாளில் ஒரு வரிசை இல்லை. நம் ஊரில் போட்டி நடத்துகிறவர்கள் அறையைப் பூட்டிவிட்டு மறுநாள் காலை 7 மணிக்கு நடுவர்களை அழைத்து வரட்டும், பார்ப்போம்.

17 பிப்ரவரி

"தோற்றதற்குச் சாக்கு" என்று ஒருவர். நான்காவது இடம் தோல்வி என்றால் எட்டாவது இடத்துக்கு என்ன பெயர்? மேலும், தங்கச்சி மேஜைச் சுத்தத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். நாரை மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டாராம். பன்னிரண்டு வருடமாக எனக்கு இது தோன்றவில்லை.

23 பிப்ரவரி

எண்ணூர்க்காரருக்கு, தொட்டிச் செடிப் போட்டிக்கு வளர்த்தது எல்லாம் இலை ஓரம் கருகுகிறது என்று எழுதியிருந்தாரே: தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு. அதோடு தென்னைநார்க் கழிவுக் கட்டியை வாங்கி அப்படியே நனைத்துப் போட்டிருப்பீர்கள். அதிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் செம்மண்ணோடும் மட்கிய எருவோடும் கலக்கவேண்டும். மழைநீர் பிடித்து வைத்தால் உத்தமம். போட்டிக்கு ரோஜாதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி எல்லாம் கடற்காற்றைத் தாங்கும். அக்கா மகன் சொல்லி நான் எழுதுகிறேன், தப்பிருந்தால் அவனைத் திட்டவும். கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, மாடித் தோட்டத்துக்கு ஒரு நாள் பயிற்சி தருகிறார்கள். எண்ணூரிலிருந்து கிண்டி என்பது ஒரு யாத்திரை, தெரியும். ஆனால் ஒரே நாள்.

2 மார்ச்

இன்று தங்கச்சி மாடிக்கு வந்தார், அம்மாவோடு. மாணவியாக இல்லை, சுருளை வலக்கையில் பிடிக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் காட்ட. அம்மா ஓரமாகப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் கட்டி வைத்திருந்த செண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த முடிச்சு ராத்திரிக்குள் தளரும் தம்பி" என்றார். அவிழ்த்தார். நாரைத் தண்ணீரில் தோய்த்து, இரண்டு சுற்று, ஒரு சுருக்கு. வாயில் கவ்வித்தான்.

அடுத்த ஞாயிறு இரண்டு செண்டும் சனிக்கிழமை மாலையே கட்டி வைக்கப்படும், ஒன்று என் முடிச்சு, ஒன்று அவருடையது. காலை 9 மணிக்குப் பார்க்கலாம். வருகிறவர்கள் கத்தியும் ஒரு பழைய துணியும் கொண்டு வாருங்கள். வாழைப்பழம் கொண்டு வராதீர்கள்.